பனிக் கொட்டகையில் பதினாலு வாட்

ஆர்லின் பெக்லண்ட் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். குளிர்காலத்தில் எங்கள் மாவட்டத்துச் சாலைகளில் அவர் வண்டி போன பிறகுதான் பால் வண்டி போகும், பள்ளிப் பேருந்து போகும், ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் ஆலயத்துக்குப் போவோம். வாட்டசாட்டமான ஆள். பேச்சு கம்மி. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் "மோசமில்ல" என்பார். வீட்டுக் கூரையில் பாதியைக் காற்று பிய்த்துக்கொண்டு போன வருஷமும் அதையேதான் சொன்னார்.

வேப் பெட்டியை, அதாவது சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கிற மின்சாரப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மட்டும் கதை வேறு. கையிலிருக்கும் காப்பி ஆறிப்போகும், வாசலில் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆர்லின் நிறுத்த மாட்டார்.

ஒரு காலத்தில் அவர் வாயிலிருந்து சிகரெட் இறங்காத மனிதர். பிரசங்கத்தின் நடுவே அவருக்கு இருமல் பிடித்தால் போதகர் நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்வார். அதற்கென்றே பிரசங்க மேடையில் ஒரு டம்ளர் வைப்பது என் வேலையாக இருந்தது. நான் ஆலயத்தின் கீழ்த்தளத்துச் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறவள். அப்படி இருந்தவர் ஒரு வசந்த காலத்தில் பேனா மாதிரி ஒரு குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் சிகரெட்டைத் தொடவில்லை. இந்த வேப்பும் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த டம்ளரை நான் எடுத்துவிட்டேன். அதற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்தப் பேனாக் குச்சியோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. குச்சி ஒழுகியது. ஒழுகாத ஒன்றை வாங்கினார். அதில் பேட்டரி மத்தியானத்தோடு தீர்ந்தது. பெரிய பேட்டரி போட்டது வந்தது. அதில் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. கூட்டிக் குறைக்கிற பெட்டி வந்தது. அதன் பொத்தான் சட்டைப்பையில் தானாக அழுந்திச் சட்டையைச் சுட்டது. பொத்தானுக்குப் பூட்டு வைத்த பெட்டி வந்தது. இப்படி ஒவ்வொன்றும் முந்தினதன் குறையைத் தீர்க்கத்தான் வந்தது என்பார் அவர். வந்தது எதையும் வெளியே அனுப்பவும் இல்லை. நிலவறையில் கண்ணாடிக் கதவு வைத்த துப்பாக்கி அலமாரி ஒன்று உண்டு. மான் வேட்டைத் துப்பாக்கிகளை மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் பெட்டிகளை அடுக்கினார். வயசுப்படி இல்லை, சக்திப்படி. மேல் தட்டில் இருநூறு வாட்டுக்காரர்கள், கீழே போகப்போகச் சாதுக்கள்.

அவர் மனைவி மார்வா இதைப் பற்றி ஒருநாள் ஆலயச் சமையலறையில் என்னிடம் சொன்னாள். "இனிமே மான் வந்தா இவரு ஊதியே விரட்டிருவாரு, அல்மா. நம்ம குளிர்காலத்துக்குக் கறி வாங்கித்தான் திங்கணும்."

ஒரு பெட்டியை வாங்குமுன் அவர் பார்க்கிற அழகைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்க் கடையில் டெஸ் என்று ஒரு பெண் நிற்கிறாள், கழுத்து வரை பச்சை குத்தியவள், பொறுமைசாலி. அவளிடம் கேட்பார்: வாட்டு ஒவ்வொன்றாக ஏறுமா, அரை அரையாக ஏறுமா? கடைசியாக வைத்த அளவைப் பேட்டரி மாற்றினாலும் மறக்காமல் வைத்திருக்குமா? கையுறை போட்ட விரலால் பொத்தான் அழுந்துமா? திரை வெயிலில் தெரியுமா? டெஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். கடைசியில், "ஆர்லின், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட நீங்க இத்தன கேள்வி கேட்டிருக்க மாட்டீங்க" என்பாள். "அப்ப எனக்கு இவ்வளவு வெவரம் இல்ல" என்பார் இவர். அதை மார்வாவிடம் சொன்னதும் டெஸ்தான்.

விஷயம் தெரியாத எனக்கே அவர் விளக்கியிருக்கிறார். உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, காயில் என்கிறார்கள். அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சில் நிக்கோட்டினும் வாசனையும் கலந்த திரவம் ஊறியிருக்கும், அதற்குப் பேர் ஜூஸ். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகி ஜூஸ் ஆவியாகும். வாட்டை ஏற்றினால் ஆவி கட்டுக்கட்டாக வரும், பஞ்சு காய்ந்தால் கருகி வாய் நாறும். இறக்கினால் ருசி நிற்கும். "அடுப்புல தீயக் கூட்டிக் கொறைக்கற மாதிரிதான் அல்மா. பால் பாயசத்துக்கும் பன்றிக்கறிக்கும் நீ ஒரே தீயா வெப்ப?" என்று கேட்டார். அது எனக்குப் புரிந்தது.

இப்போது வெர்ன் ஸ்கோக்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெர்ன், குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக வைக்கிற சூட்டடுப்புகளைப் பழுது பார்க்கிறவர். ஒல்லி, வாய்த்துடுக்கு. ஆர்லினும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். ஒவ்வொரு குளிர்காலமும் ஏரி உறைந்து வண்டி தாங்குகிற அளவு பனி கெட்டிப்பட்டதும் இரண்டு பேரும் ஒரு மரக் கொட்டகையை இழுத்துக்கொண்டு போய் நடு ஏரியில் நிறுத்துவார்கள். உள்ளே ஒரு சின்ன அடுப்பு, உட்கார இரண்டு கவிழ்த்த வாளி, தூண்டில் போடத் தரையிலும் அடியிலிருக்கும் பனியிலும் இரண்டு துளை. பெர்ச் மீன் பிடிக்கிறோம் என்று பேர். பிடித்ததை விடப் புகைத்தது அதிகம். மார்வா சொல்வாள், அவர்கள் கொண்டுவரும் மீனைப் பொரிக்க வேண்டியதில்லை, அப்போதே புகையில் வெந்திருக்கும் என்று.

ஆர்லின் சிகரெட்டை விட்ட முதல் குளிர்காலம், அந்த அடைத்த கொட்டகையில் வெர்ன் பற்ற வைத்த புகை மூக்கில் ஏறியதும் ஆர்லினின் கை தானாக நீண்டது. ஒன்றை வாங்கி உதட்டில் வைத்தும் விட்டார். அப்படியே எடுத்துத் துளைக்குள் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். மறுவாரம் தனியாக ஒரு கொட்டகை கட்டினார். அன்றிலிருந்து இரண்டு கொட்டகை, கூப்பிடு தூரத்தில். சுவருக்குச் சுவர் கத்திப் பேசிக்கொள்வார்கள்.

"கடிக்குதா?"

"என்னது?"

"மீன் கடிக்குதான்னு கேட்டேன்."

"காதுல விழல, புகைய விட்டுட்டு வந்து பேசு" என்று வெர்ன் கத்துவார். புகைக்கிறவரே அவர்தான். அப்படித்தான் பேசுவார்.

ஊருக்கு இது சிரிப்பு. ஆர்லினுக்கு இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் காப்பிக் கோப்பையைக் கழுவ என்னிடம் நீட்டியவர் சும்மா சொன்னார்: "தனியா உக்காந்து மீன் புடிக்கறது வேல மாதிரி இருக்கு அல்மா." எங்கள் பக்கத்து ஆண்கள் அழுவதென்றால் அவ்வளவுதான். நான் அந்த வாரம் அவர்கள் இருவருக்காகவும் ஜெபித்தேன்.

போன குளிர்காலம் ஏரி உறையத் தொடங்கியபோது ஆர்லின் வெர்னிடம் போய் நின்றார். சிகரெட்டை விடு, நான் ஒரு பெட்டி தருகிறேன், மறுபடி ஒரே கொட்டகைக்கு வா என்றார். வெர்ன் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "சரிடா. ஒரு குளிர்காலம். பனி உடையறதுக்கு முன்ன கொட்டகையெல்லாம் ஏரிய விட்டு எடுக்கச் சொல்லுவானுங்கல்ல, அதுவரைக்கும் உன் டப்பா என்னத் தாங்கினா, என் கொட்டகைய வித்துட்டு உன்னோட வந்து உக்காந்துக்கறேன். நடுவுல ஒண்ணு பத்த வெச்சேன்னா அதோட சரி. நீயும் சாவற வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கப்படாது."

ஆர்லின் கை கொடுத்தார். அந்த வாரமே கொட்டகைக்குள் இன்னொரு வாளியும் போட்டுவிட்டார்.

நண்பனுக்கென்று வந்ததும் மேல் தட்டிலிருந்துதான் எடுத்தார். இரண்டு பேட்டரி, இருநூறு வாட், வண்ணத் திரை. வெர்ன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டே முதல் இழுப்பு இழுத்தார். கண்ணாடியெல்லாம் வெள்ளையாகி முன்னால் சாலை தெரியாமல் தபால் பெட்டியை இடித்தார். அவருடைய நாய் தும்மித் தும்மி வண்டியை விட்டு இறங்கிவிட்டது. "டேய், நான் சிகரெட்டத்தான் விடறேன்னு சொன்னேன். ரயில் எஞ்சின் ஓட்டறேன்னு சொல்லல" என்று ஃபோனில் கத்தினார்.

ஆர்லின் அதைவிட நல்லது ஒன்று கொண்டுபோனார். பிறகு அதைவிட நல்லது. கடைசியாகக் கொண்டுபோனதில் சூட்டுக் கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தது. வாட்டை மனிதன் பார்க்க வேண்டியதே இல்லை. இவ்வளவு சூடு போதும் என்று சொல்லிவிட்டால், காயில் அந்தச் சூட்டைத் தொட்டதும் பெட்டியே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். பஞ்சு கருகவே கருகாது. ஆர்லினுக்கு அது உயிர். வெர்ன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல வானிலையும் சொல்லுமா?" என்று கேட்டார். ஆனாலும் வைத்துக்கொண்டார். டிசம்பர் முழுக்க மிட்டாயும் சூரியகாந்தி விதையும் மென்றுகொண்டு, எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டு, சிகரெட் இல்லாமல் ஓட்டினார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் பக்கத்தில் உட்கார யாரும் துணியவில்லை. சீறுவார் என்று பயம். ஆர்லின் மட்டும் உட்கார்ந்தார்.

ஜனவரியில் தவறு நடந்தது. இதை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். ஆர்லின் சொன்னதைவிட வெர்ன் சொன்னதில் ஆர்லின் கொஞ்சம் அதிகம் முட்டாள். மற்றபடி ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிர். ஒப்பந்தம் முடியாவிட்டாலும் ஒத்திகை மாதிரி வெர்ன் ஆர்லினின் கொட்டகைக்கு வந்தார். வருகிற வழியில் அவருடைய காயில் பழசாகிக் கசந்தது. ஆர்லினுக்கு ஒரே உற்சாகம். கொட்டகைக்கு வெளியே, திறந்த வண்டியின் பின்பலகையிலேயே வைத்து, கையுறையைக் கழற்றி, புதுக் காயிலைத் திருகினார். விரல் விறைத்துப் போனது. பெட்டி திரையில் கேட்டது, புதுக் காயிலா என்று. ஆமாம் என்று அழுத்தினார். உள்ளே வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சு ஊறக் காத்திருந்து, ஒரு கிரீடத்தைக் கொடுப்பது போல வெர்னிடம் கொடுத்தார்.

வெர்ன் இழுத்தார். பார்த்தார். மறுபடி இழுத்தார்.

"ஒண்ணும் வரலடா."

"பொத்தான அழுத்தினியா?"

"இல்ல, கும்பிட்டேன். அழுத்தினேன்டா."

ஆர்லின் வாங்கி வாட்டை ஏற்றினார். வெர்ன் இழுத்தார். நூல் மாதிரி ஒரு ஆவி வந்து நின்றது. இன்னும் ஏற்றினார். அதே நூல். பேட்டரியை மாற்றினார். மார்போடு அணைத்துச் சூடாக்கினார். அதே நூல். வெர்னுடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. சிகரெட் ஆசை வந்தவனுக்குக் கால்தான் முதலில் பேசும் என்று ஆர்லின் சொல்வார்.

"ஆர்லின், வெறுங்காத்த உறிஞ்சறேன். இதுக்கு இந்த டப்பா எதுக்கு? வாயத் தொறந்துக்கிட்டு வெளிய நின்னா போதாதா?"

"ரெண்டு நிமிஷம் குடு."

"ஒரு மாசம் குடுத்திட்டேன்."

வெர்ன் எழுந்து தன் கொட்டகைக்குப் போனார். ஆர்லின் வாசலில் நின்று பார்த்தார். தூண்டில் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார் வெர்ன். பற்ற வைக்கவில்லை. "நாளைக்கு ஆராதனை முடியற வரைக்கும் பாப்பேன்" என்று அதை வாயில் வைத்தபடியே சொன்னார். "அதுக்கப்பறம் தீக்குச்சி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்." வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஆர்லின் நேரே நிலவறைக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பெட்டியைக் கழற்றினார், துடைத்தார், டெஸ்ஸை ஃபோனில் கூப்பிட்டார். கடையில் கூட்டம், அவள் எடுக்கவில்லை. மார்வா கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டைக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு, "உங்க பிள்ளைங்களுக்கும் ஊட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆர்லின் தட்டைத் தொடாமல் காயிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதன் மேல் ஒரு எண் அச்சடித்திருந்தது, கம்பியின் மின்தடை. பெட்டித் திரையில் நின்ற எண் அதைவிடக் குறைவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியவை. ஏன் ஒத்துவரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிலவறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்ததாம். மார்வா பயந்து படியிறங்கினாள்.

நடந்தது இதுதான். புதுக் காயிலைப் போட்டதும் பெட்டி அதை ஒருமுறை அளந்து, சூடேறாத காயில் இப்படி இருக்கும் என்று மனசில் வைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் போட வேண்டியதை ஆர்லின் வெட்டவெளியில், பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போட்டார். பனியில் நடுங்கிய காயிலைத்தான் பெட்டி சாதாரணம் என்று நம்பியது. அதே காயில் அடுப்புப் பக்கம் வந்ததும், ஐயோ ஏற்கனவே பாதி வெந்துவிட்டது என்று நினைத்து, வெர்ன் பொத்தானை அழுத்திய உடனே மின்சாரத்தை நிறுத்தியது. வாட்டை எவ்வளவு ஏற்றி என்ன பயன்? ஏரியிலிருந்து விறைத்த கையோடு வருகிறவன் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துவிட்டுக் கொதிக்கிறது என்று கத்துவானே, அந்தப் பெட்டியும் அப்படித்தான் கத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க வெர்ன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் கீழ்த்தளத்துக்கு முதலில் இறங்கியவரும் அவரே. நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே ஆர்லின் வந்து, என் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னார்.

வெர்ன் முழுக்கக் கேட்டார். "அப்ப டப்பா மேல தப்பில்ல."

"இல்ல."

"எம்மேலயும் இல்ல."

"இல்ல."

"உம்மேலதான்."

"ஆமா, எம்மேலதான்."

"இன்னொரு தடவ சொல்லு. அல்மாவுக்குக் காது கேக்கல."

"எனக்கு நல்லாத்தான் கேட்டுது" என்றேன் நான்.

வெர்னுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதமாக எதைச் சொன்னாலும் நீ பொத்தானைத் தவறாக அழுத்தியிருப்பாய் என்றே கேட்டுக்கொண்டிருந்த மனிதர், வித்வானே சறுக்கியதும் ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மனசைத் திறந்தார். "இப்பச் சொல்றேன் கேளு. நீ குடுத்த எதுவும் எனக்குப் புடிக்கல. வாய் கொள்ளாம ஆவி வருது. எனக்கு அது வேணாம். சிகரெட்ட இழுத்தா எப்படி இறுக்கமா, கொஞ்சமா வரும், அது வேணும். நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல."

ஆர்லின் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் கேக்கல" என்றார்.

அங்கிருந்து இரண்டு பேரும் நேரே ஆர்லின் வீட்டுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு ஆர்லின் தள்ளி நின்றார். எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை, எதையும் விளக்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று மார்வா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். வெர்ன் மேல் தட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து கடைசித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். விரல் கனத்தில் ஒரு குழாய். திரை கிடையாது. அடியில் ஒரு சக்கரம், அதைத் திருகினால் சக்தி கூடும், குறையும்.

"அது பழசுடா. காட்சிக்கு வெச்சிருக்கேன். இப்ப அத யாரும் செய்யறதே இல்ல" என்றார் ஆர்லின். அலமாரியிலிருந்து எதுவும் அதுவரை வெளியே போனதில்லை. வெர்னுக்குத் தந்ததெல்லாம் இரவல்தான்.

வெர்ன் சக்கரத்தைக் கட்டைவிரலால் திருகினார். சூட்டடுப்புகளின் திருகுகளோடு வாழ்ந்த விரல் அது. ஒவ்வொரு எண்ணிலும் க்ளிக் என்று நின்றது. இழுத்தார், குறைத்தார், இழுத்தார், ஒரு க்ளிக் கூட்டினார். பதினாலில் நிறுத்தினார். மூக்கு வழியாக ஆவியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி?" என்றார் ஆர்லின்.

"மோசமில்ல."

எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. ஆர்லின் போய் அந்தக் குழாய்க்குப் பொருந்துகிற காயில்கள் எல்லாவற்றையும் ஒரு காப்பி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். "வெச்சுக்க. திருப்பித் தர வேணாம். காயில வீட்டுக்குள்ள மாத்து" என்றார். இதில் சூட்டுக் கட்டுப்பாடே இல்லையே, எங்கே மாற்றினால் என்ன என்று வெர்ன் கேட்டார். அது ஆர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் இருந்த மார்வா, "ரெண்டு நாள்ல ரெண்டு தப்பு" என்றாள்.

பிப்ரவரி போனது. வெர்ன் எரிந்து விழுவதை நிறுத்தினார். வழக்கமான கேலிக்குத் திரும்பினார். கொட்டகைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வருவதற்கு முந்தின வாரம், ஏரியின் ஓரமெல்லாம் நீலமாகத் தெரியத் தொடங்கியபோது, வெர்ன் தன் கொட்டகையைக் கரைக்கு இழுத்து யாருக்கோ கோழி அடைக்கக் கொடுத்துவிட்டார். தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆர்லின் கொட்டகையின் கதவைத் தட்டாமல் திறந்து, இரண்டாவது வாளியில் உட்கார்ந்தார். ஆர்லின் காலை மடக்கி இடம் விட்டார், அவ்வளவுதான் என்று இருவருமே சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மார்வா அவர்களுக்குச் சூப்பும் எலுமிச்சைத் துண்டுகளும் கொடுத்தனுப்பினாள். நான் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே ஆர்லின் ஜூஸின் வெண்ணிலா வாசனையும் வெர்ன் ஜூஸின் புகையிலை வாசனையும் கலந்து கிடந்தது. கூரைப் பலகையில் ஆவி உறைந்து சர்க்கரை தூவினது போல் இருந்தது, அடுப்புக்கு நேர் மேலே மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் என்னைப் பார்க்கவில்லை. தலையோடு தலை முட்ட வெர்னின் கையிலிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒண்ணு வேணும்டா. இந்தச் சக்கரத்துல அரை இல்ல" என்றார் வெர்ன்.

"அரை அரையா ஏறுறது இருக்கு."

"சின்னதா?"

"சின்னதுதான். பூட்டும் இருக்கு. நீ வெச்ச அளவ மறக்கவே மறக்காது."

"எவ்ளோ இறுக்கமா இழுக்கும்?"

"அதுக்கும் ஒரு வளையம் இருக்கு. திருப்பினா இறுகும்."

"திங்கக்கெழம டெஸ் கடைய எப்பத் தொறப்பா?"

சூப்பை எங்கே வைப்பது என்று கீழே பார்த்தேன். இரண்டு துளைகளில் ஒன்றில் மிதப்பைக் காணவில்லை. தூண்டில் கோல் வாளியின் விளிம்பில் தட்டித் தட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"மீன் கடிக்குது" என்றேன்.

"யாரோடது?" என்று இரண்டு பேரும் கேட்டார்கள். பிறகு அந்தத் துளை யாருடையது என்று சண்டை தொடங்கியது. மீன் போய்விட்டது. நான் சூப்பை அடுப்பின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.